ஒரு மைக்கின் குரல் மட்டும் காணோமா? வீடியோ எடிட்டிங்கில் மல்டி டிராக் ஆடியோ சிக்கல்கள்: காரணம் என்ன, சரிசெய்வது எப்படி?

கல்யாண வீடியோ, பாட்காஸ்ட், கேம் ஸ்ட்ரீமிங், தெருமுனை பேட்டி என எதுவாக இருந்தாலும் இப்போது ஒரே மைக்கை நம்பி யாரும் பதிவு செய்வதில்லை. சட்டையில் ஒரு காலர் மைக், கேமராவில் ஒரு மைக், மேடை மிக்சரிலிருந்து ஒரு லைன் என இரண்டு மூன்று வழிகளில் ஒலி வந்து சேர்கிறது. பதிவு செய்யும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எடிட்டிங் மென்பொருளில் திறந்த பிறகுதான் சிக்கலே தொடங்கும். ஒருவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும், அல்லது இடது காதில் மட்டும் கேட்கும், அல்லது உதடு அசைந்து முடிந்த பிறகு சத்தம் வரும்.

"ஃபைல் போச்சு" என்று முடிவுகட்டி மெமரி கார்டை அழிப்பதற்கு முன் ஒரு விஷயம். இப்படி 'காணாமல் போன' குரல் பல நேரங்களில் ஃபைலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். பதிவு, ஃபைல், டைம்லைன், எக்ஸ்போர்ட் என்ற நான்கு கட்டங்களில் எந்த இடத்தில் ஒலி தொலைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிராக் வேறு, சேனல் வேறு

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். ஒரு டிராக் என்பது தனி ஒலி ஓட்டம். அந்த ஒரு டிராக்குக்குள் இடது, வலது என இரண்டு சேனல்கள் இருக்கலாம். காலர் மைக்கையும் கேமரா மைக்கையும் தனித்தனியாக வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு தனி டிராக்குகளாகப் பதிவு செய்வது. இன்னொன்று, ஒரே ஸ்டீரியோ டிராக்கில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பதிவு செய்வது.

முதல் வகையில் கோளாறு வந்தால் ஒருவர் குரல் மொத்தமாகக் கேட்காது. இரண்டாவது வகையில் வந்தால் குரல் ஒரு காதில் மட்டும் கேட்கும். அறிகுறி வேறு என்பதால் தீர்வும் வேறு.

முதல் வேலை: ஃபைலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எடிட்டிங் மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஃபைலைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் எத்தனை ஆடியோ டிராக், ஒவ்வொன்றிலும் எத்தனை சேனல், சாம்பிள் ரேட் என்ன என்று பட்டியல் போட்டுக் காட்டும்.

விஎல்சி பிளேயரிலும் பார்க்கலாம். ஆனால் விஎல்சி உட்பட பெரும்பாலான பிளேயர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆடியோ டிராக்கைத்தான் ஒலிக்கவிடும். முதல் டிராக்கில் கேம் சத்தமும் இரண்டாவதில் பேசுபவரின் குரலும் இருந்தால், கேம் சத்தம் மட்டுமே கேட்கும். 'குரல் பதிவாகவில்லை' என்று பலரும் நினைப்பது இந்த இடத்தில்தான். விஎல்சியில் ஆடியோ மெனுவுக்குள் ஆடியோ டிராக் என்பதைத் திறந்து அடுத்த டிராக்கைத் தேர்வு செய்து பாருங்கள். குரல் கேட்டால் பதிவு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டியலில் ஒரே ஒரு டிராக்தான் இருக்கிறது என்றால், கோளாறு பதிவு செய்த கட்டத்தில் நடந்திருக்கிறது. ஓபிஎஸ் ஸ்டுடியோவில் இது அடிக்கடி நடக்கும். ஓபிஎஸ் 6 ஆடியோ டிராக்குகள் வரை பதிவு செய்யும். ஆனால் அதற்கு இரண்டு இடங்களில் டிக் போட வேண்டும். அவுட்புட் செட்டிங்ஸை அட்வான்ஸ்டு முறைக்கு மாற்றி, ரெக்கார்டிங் பகுதியில் எந்தெந்த டிராக்குகள் வேண்டும் என்று குறிக்க வேண்டும். பிறகு அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் எந்த மைக் எந்த டிராக்குக்குப் போக வேண்டும் என்றும் குறிக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் எல்லாச் சத்தமும் ஒரே டிராக்கில் கலந்துவிடும், இல்லையென்றால் தனி டிராக் வெறுமையாக வரும்.

ஃபைலில் இருக்கிறது, எடிட்டரில் இல்லை

டிராக் இருப்பது உறுதியான பிறகும் டைம்லைனில் வரவில்லை என்றால் மூன்று காரணங்களைச் சோதிக்கலாம்.

முதலாவது, டிராக் தேர்வு. ப்ரீமியர் ப்ரோவில் இன்சர்ட், ஓவர்ரைட் மூலம் கிளிப்பை வைக்கும்போது, டைம்லைனின் இடது ஓரத்தில் சோர்ஸ் பேட்ச் எந்த டிராக்குகளுக்கு எரிகிறதோ அவை மட்டுமே உள்ளே வரும். முதல் டிராக் மட்டும் எரிந்தால் மற்றவை வெளியே நின்றுவிடும்.

இரண்டாவது, ஒலியின் வடிவம். டாவின்சி ரிசால்வை லினக்ஸ் கணினியில் பயன்படுத்துபவர்களுக்கு இது பழகிய தலைவலி. படம் ஓடும், சத்தம் இருக்காது. போன்களும் ஸ்கிரீன் ரெக்கார்டர்களும் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏஏசி ஆடியோவை லினக்ஸ் பதிப்பு நீண்ட காலமாகவே படிக்காமல் இருந்ததுதான் காரணம். ஒலியை மட்டும் பிசிஎம் வடிவத்துக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும், படத்தை மீண்டும் என்கோட் செய்யத் தேவையில்லை.

இப்படி மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் கருவியில் மேப் கட்டளை கொடுக்காவிட்டால், பல ஆடியோ டிராக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஹேண்ட்பிரேக்கில் மாற்றினாலும் ஆடியோ பகுதிக்குப் போய் எல்லா டிராக்குகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதனால் மாற்றி முடித்த ஃபைலை மறுபடி மீடியாஇன்ஃபோவில் பார்த்து டிராக்குகளை எண்ணும் வரை மூல ஃபைலை அழிக்கவே கூடாது.

மூன்றாவது, கேஷ். ப்ரீமியர் ப்ரோ ஆடியோவைத் தனக்கு ஏற்ற மாதிரி தயார் செய்து கேஷ் ஃபைல்களாகச் சேமித்து வைத்துக்கொள்ளும். அது பழுதானால் அலைவடிவம் தெரியும், சத்தம் வராது. ப்ரிஃபரன்ஸஸில் மீடியா கேஷ் பகுதிக்குப் போய் அழித்துவிட்டு மென்பொருளை மீண்டும் திறந்தால் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். மூல வீடியோவுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

ஒரு காதில் மட்டும் கேட்கும் குரல்

வயர்லெஸ் மைக் செட்டுகளில் இது சகஜம். இரண்டு மைக்குகளை இடது, வலது எனப் பிரித்துப் பதிவு செய்யும் முறையில் வைத்திருந்தால், கேள்வி கேட்பவர் ஒரு காதிலும் பதில் சொல்பவர் இன்னொரு காதிலும் கேட்பார்கள். சில செட்டுகளில் பாதுகாப்பு டிராக் என்ற வசதி உண்டு. அதே குரல் குறைந்த அளவில் இரண்டாவது சேனலில் பதிவாகும். அது தெரியாமல் அப்படியே வெளியிட்டால் ஒரு பக்கம் சத்தமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் கேட்கும்.

தீர்வு எளிது. ரிசால்வில் மீடியா பூலில் இருக்கும் கிளிப்பை ரைட் கிளிக் செய்து கிளிப் ஆட்ரிப்யூட்ஸ், அதில் ஆடியோ பகுதிக்குப் போய், ஒரு ஸ்டீரியோவை இரண்டு மோனோ டிராக்குகளாகப் பிரிக்கலாம். ப்ரீமியரில் மாடிஃபை மெனுவில் ஆடியோ சேனல்ஸ் என்ற வசதி இதே வேலையைச் செய்யும். ஆனால் ப்ரீமியரில் கிளிப்பை டைம்லைனில் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏற்கெனவே வைத்த கிளிப்புக்கு அந்த மாற்றம் போய்ச் சேராது. அந்த மாதிரி நேரத்தில் ஃபில் ரைட் வித் லெஃப்ட் என்ற எஃபெக்டைப் போட்டால் இடது சேனலின் குரல் இரண்டு பக்கமும் கேட்கும்.

ஹெட்போனில் கேட்கிறது, போனில் காணோம்

இருப்பதிலேயே ஏமாற்றும் கோளாறு இதுதான். எடிட் செய்பவர் ஹெட்போன் போட்டுக் கேட்கும்போது குரல் இருக்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனிலோ ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ போட்டால் பேச்சு மட்டும் மாயமாகிவிடும். வீடியோ வெளியான பிறகு பார்ப்பவர்கள் சொல்லித்தான் விஷயமே தெரியவரும்.

காரணம் கேபிள். மேடை மிக்சரின் எக்ஸ்எல்ஆர் லைனில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வரும். ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் வரும். வழியில் சேரும் இரைச்சலை நீக்குவதற்காகவே இந்த ஏற்பாடு. இதைப் பொருந்தாத கேபிள் வழியாக கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் சொருகினால், நேரான ஒலி இடது சேனலிலும் தலைகீழ் ஒலி வலது சேனலிலும் பதிவாகும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடும்.

இரண்டு சேனல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால் போதும், குரல் முழுசாகத் திரும்பிவிடும். முந்தைய பகுதியில் சொன்ன அதே வசதிகளே இதற்கும் உதவும். மிக்சர் லைனில் இருந்து எடுத்த எந்த வீடியோவையும் வெளியிடுவதற்கு முன் ஒருமுறை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுவிடுவது நல்லது.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

படமும் ஒலியும் பொருந்தவில்லை என்றால் உடனே டிராக்கை நகர்த்த வேண்டாம். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் பாருங்கள். விலகல் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

விலகல் கடைசி வரை ஒரே அளவில் இருந்தால், ஒருமுறை நகர்த்தினால் போதும். ஒலி ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்கச் சுமார் 3 மில்லி வினாடி எடுக்கும். 15 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்குக் குரல் வந்து சேர ஏறத்தாழ 45 மில்லி வினாடி ஆகும். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது ஒரு ஃபிரேமுக்கும் மேல். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டால் மட்டும் விலகல் தெரிகிறது என்றால் தாமதம் ஹெட்போனில்தான். வயர் ஹெட்போனில் கேட்டுப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது.

நேரம் போகப் போக விலகல் கூடிக்கொண்டே போனால், சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். வீடியோவுக்கு வழக்கமான அளவு 48 கிலோஹெர்ட்ஸ். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஒலியை மென்பொருள் 48 என்று தவறாக எடுத்துக்கொண்டால் 60 நிமிடப் பேச்சு சுமார் 55 நிமிடத்திலேயே முடிந்துவிடும், குரலும் கீச்சென்று மாறும். குரல் மாறாமல் விலகல் மட்டும் மெல்லக் கூடினால், கேமராவுக்கும் தனி ரெக்கார்டருக்கும் உள்ள கடிகார வித்தியாசம்தான் காரணம். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம் விலகும். இதற்கு வேகத்தை மாற்றுவதைவிட, பேச்சு நிற்கும் இடங்களில் ஆடியோவை வெட்டி ஆங்காங்கே பொருத்துவதுதான் சுலபம்.

விலகல் ஓரிடத்தில் கூடி, இன்னோரிடத்தில் குறைந்து, தாறுமாறாக இருந்தால் வீடியோவின் ஃபிரேம் ரேட் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். போன்களும் ஸ்கிரீன் ரெக்கார்டர்களும் இப்படிப் பதிவு செய்வதுண்டு. ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் தேர்வு செய்து மாற்றிய பிறகு எடிட் செய்ய வேண்டும்.

எல்லாம் சேர்ந்தால் கரகரப்பு

தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும் டிராக்குகள் சேர்ந்ததும் கரகரத்தால், ஒரே ஒலி இரண்டு இடங்களில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓபிஎஸ்ஸில் முதல் டிராக்கில் எல்லாம் கலந்த ஒலியும், அடுத்தடுத்த டிராக்குகளில் தனித்தனி ஒலியும் பதிவு செய்வது பலரின் வழக்கம். எடிட்டரில் எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொரு ஒலியும் இருமுறை கேட்கும். ஒரே ஒலி இரட்டிப்பானால் அளவு 6 டெசிபல் கூடும், மீட்டர் சிவப்பைத் தொட்டுவிடும். முதல் டிராக்கை மியூட் செய்தால் சரியாகிவிடும்.

குரல் குழாய்க்குள் இருந்து பேசுவது போல் கேட்டால், ஒரே ஆளின் பேச்சு இரண்டு மைக்குகளில் சிறு இடைவெளியோடு பதிவாகியிருக்கும். நல்ல மைக் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்துவிட வேண்டும்.

டைம்லைனில் கலக்கும்போது வரும் கரகரப்பு அளவைக் குறைத்தாலே போய்விடும். பதிவின்போதே மைக்கின் அளவு எல்லை மீறியிருந்தால் அப்படிப் போகாது. அதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு டிராக்.

எக்ஸ்போர்ட்டில் தொலைவது

டைம்லைனில் எல்லாம் கேட்டு, எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் இல்லை என்றால் இரண்டு விஷயங்கள். சோதிப்பதற்காக அழுத்திய மியூட், சோலோ பொத்தான்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். சோலோ போட்ட டிராக் மட்டுமே வெளியே போகும். அடுத்து, எக்ஸ்போர்ட் செட்டிங்ஸில் ஒலியைத் தனித்தனி டிராக்குகளாக அனுப்பச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பிளேயரில் முதல் டிராக் மட்டும்தான் கேட்கும். இணையத்தில் பதிவேற்றும் வீடியோவுக்கு எல்லாம் கலந்த ஒரே ஸ்டீரியோ டிராக் போதும்.

அடுத்த முறை சிக்கல் வராமல் இருக்க

நிகழ்ச்சி தொடங்கும் முன் 30 வினாடி சோதனைப் பதிவு எடுத்து, அதைக் கேமராவில் கேட்டதோடு நிறுத்தாமல் கணினியில் போட்டு டிராக்குகளை எண்ணிப் பாருங்கள். எல்லாக் கருவிகளிலும் 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள். அந்த இரண்டு ஒலிகளும் பொருந்தினால் நடுவில் உள்ளதும் பொருந்தும். முக்கியமாக, எடிட்டிங் முடிந்து, எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை முழுசாகக் கேட்கும் வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். கல்யாணத்தையோ பேட்டியையோ மறுபடி நடத்திப் படம் பிடிக்க முடியாது.