வழி கேட்டுப் போன காலம்

கணினி விளையாட்டுகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சித்திரங்களின் அழகு ஆண்டுக்காண்டு வளர்ந்த கதையையே விஸ்தாரமாகச் சொல்லிப் போகிறார்கள். மந்திரவாதிகளும் பூதங்களும் உலவும் கற்பனை ராஜ்யங்களில் மனம்போன திசையில் சஞ்சரிக்க இடந்தரும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, அதைக் காட்டிலும் ருசியான சரித்திரம் ஒன்று உண்டு: அங்கே போனவனுக்கு வழி சொன்னவர் யார், எவ்விதம் சொன்னார் என்பதே அது. பகைவனின் பலத்தால் நேரும் கஷ்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். போகவேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதில் இருந்த கஷ்டத்தைப் பற்றிப் பேசுவார் குறைவு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டை வெளியிட்டபோது இந்தப் பிரச்சினையே எழவில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுள் ஒருவர் அந்த உலகத்துக்கே சூத்திரதாரியாக இருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, தகாத குகைக்குள் புகப்போனவர்களைச் சில சமயம் தடுத்தும் சில சமயம் தடுக்காமல் வேடிக்கை பார்த்தும் ஆட்டத்தை நடத்திவந்தார். அந்த உலகம் கணினிக்குள் குடியேறியபோது சூத்திரதாரி வெளியே நின்றுவிட்டபடியால், அவருடைய உத்தியோகத்தைப் பெட்டியோடு வந்த வரைபடமும் திரையில் தோன்றிய ஊர்ஜனங்களும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா' வரிசையில் துணியில் அச்சிட்ட வரைபடம் பெட்டியிலேயே கிடைத்தது. 1985இல் வந்த நான்காம் பாகத்தில், எதைப் பற்றி விசாரிக்க விரும்பினோமோ அந்தச் சொல்லை நாமே தட்டச்சுச் செய்து கேட்க வேண்டும். கிடைத்த பதிலை இயந்திரம் குறித்து வைக்காதாகையால் காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இல்லாமல் விளையாடுவது சிரமம். மறுவருஷம் ஜப்பானில் ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகே சோனோபே என்ற ஊரின் காடுகளிலும் குகைகளிலும் பால்யத்தில் அலைந்த ஞாபகத்தைக் கொண்டு 'செல்டா'வை உருவாக்கியபோது, எந்தப் புதரை எரித்தால் எந்தப் படிக்கட்டு தென்படும் என்பதை விளையாடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அமெரிக்காவில் பெதஸ்டா நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட 'டாகர்ஃபால்', பரப்பில் பிரிட்டனுக்கு நிகரானதென்று விளம்பரம் பெற்றது. அவ்வளவு பெரிய பூமியை மனிதர் கையால் அமைக்க முடியாதாகையால் கணிதமே ஊர்களையும் பாதாள அறைகளையும் ஆயிரக்கணக்கில் பெற்றுப் போட்டது. ஒன்றுக்கொன்று ஜாடை மாறாத அந்த ஊர்களில் எனக்கு அவ்வளவாக மோகமில்லை. ஆயினும், தெருவில் போகிறவரை நிறுத்தி இன்ன கடை எங்கே என்று கேட்டால், தெரிந்தவர் வரைபடத்தில் குறித்துக் கொடுப்பதும் தெரியாதவர் கையை விரிப்பதுமாக அதில் இருந்த நாகரிகத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அந்த நாகரிகம் பூரணப் பொலிவடைந்தது அதே நிறுவனத்தார் 2002இல் கொண்டுவந்த 'மாரோவிண்ட்' என்ற விளையாட்டில்தான். இம்முறை பரப்பைச் சுருக்கி, ஒரே ஒரு தீவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாறையையும் காளானையும் கையாலேயே பொருத்தியிருந்தார்கள். கைதியாகக் கப்பலில் வந்து ஸெய்டா நீன் என்னும் சேற்றுக் கிராமத்தில் இறங்கும் நாயகனிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோரா நகரத்துக்குப் போய் இன்ன மதுக்கடையில் விசாரித்தால் காயஸ் கஸேடிஸ் என்பவரின் இருப்பிடம் தெரியவரும் என்று சொல்லி அனுப்புவதோடு அதிகாரிகளின் கடமை தீர்ந்துபோகிறது. கிராமத்தைத் தாண்டிச் சற்றே நடந்தால், ஓலமிட்டபடி ஒரு மனிதன் ஆகாயத்திலிருந்து விழுந்து இறப்பான். அவன் உடலைச் சோதித்தால் வானளாவத் தாவும் சக்தி தரும் மந்திரச் சுருள்கள் மூன்று கிடைக்கும். அதிசயப்பட்டு ஒன்றை வாசித்துத் தாவியவன், தரையை நெருங்கும் தறுவாயில் இரண்டாவதை வாசிக்கத் தோன்றாவிட்டால், முன்னவன் போன வழியே போவான். எச்சரிக்கைப் பலகை ஏதுமில்லாத இந்தப் பாடத்தைப் போல் ஒரு பாடத்தை இத்துறையில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

காயஸ் இடும் முதல் வேலையின் பொருட்டு, அழிந்துபோன ஒரு ஜாதியாரின் கோட்டையிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவர நேரும். வழி வாய்மொழியாகவே வரும்: நகரை விட்டு வெளியேறி, மூன்மோத் கோட்டையைக் கடந்து, பள்ளத்தாக்கின் மேலுள்ள பழம்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது. அருகிலுள்ள குழாயில் பொருத்திய திருகைச் சுழற்றினால்தான் பாறை விலகும். உள்ளே அந்தப் பெட்டியோ கைக்கு அடக்கமான சிறு கனசதுரமாக ஒரு தட்டின்மேல் கிடக்க, அதைக் காணாமல் கோட்டை முழுவதையும் திரும்பத் திரும்பச் சுற்றியவர்கள் அநேகர். கேட்டவையெல்லாம் நாட்குறிப்பில் தேதிவாரியாகச் சேர்ந்துகொண்டே போனபடியால், பழைய விவரம் ஒன்றைத் தேடிப் பக்கம் புரட்டுவதே தனி வேலையாயிற்று. அவ்வருஷமே வந்த 'டிரைப்யூனல்' என்னும் அனுபந்தம் காரியவாரியாகப் பிரித்துக் காட்டி அந்த அவஸ்தையைக் குறைத்தது. எனினும் தீவின் மலைகளையும் கற்றூண்களையும் மனத்தில் பதியவைத்தது அந்தத் தேடலே என்பது என் அபிப்பிராயம்.

2006இல் அந்நிறுவனத்தாரின் 'ஆப்லிவியன்' வந்தபோது, 'மாரோவிண்ட்'டின் பிரதான வடிவமைப்பாளரான கென் ரோல்ஸ்டனின் கையிலேயே எல்லாம் தலைகீழாயிற்று. முன்பு பெரும்பாலும் எழுத்தாகவே பேசிவந்த ஊர்ஜனங்களுக்கு இப்போது, பேட்ரிக் ஸ்டூவர்ட் போன்ற பிரசித்த நடிகர்கள் உள்படப் பலர் குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருவர் பேசிப் பதிவு செய்தாக வேண்டுமென்றால், ஆற்றைக் கடந்து இடப்பக்கம் திரும்பிப் பட்டமரத்தை அடையாளம் வைத்துக்கொள் என்றெல்லாம் விஸ்தரிப்பது கட்டுபடியாகுமா? திரையின் அடியில் ஒரு திசைகாட்டியும் அதில் ஓர் அம்புக்குறியும் தோன்றி, வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்தாற்போல, இலக்கைக் காட்டிவிட்டன. ஜனங்களுக்குக் குரல் வந்தது; வழி சொல்லும் வழக்கம் போயிற்று. பட்டணங்களுக்கு நடக்காமலே, வரைபடத்தைத் தொட்ட மாத்திரத்தில் போய்ச் சேரும் வசதியும் உடன் வந்தது.

கடினத்தின் கதியும் அப்படியே. நாயகன் தேறத் தேற உலகமும் அவனுக்குச் சமமாகத் தேறும்படி அமைத்ததால், எந்தக் குகைக்குள்ளும் எப்போதும் அஞ்சாமல் புகலாமென்றாயிற்று. அதன் விளைவாக, நாளடைவில் வழிப்பறிக்காரனும் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் தரித்து வந்து, அற்பக் காசுக்காக மிரட்டும் அபத்தமும் நேர்ந்தது. ரசிகர்கள் இதை மன்னிக்கவில்லை. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' அந்தச் சமன்பாட்டை ஓரளவு தளர்த்தியதேயன்றி அம்புக்குறியைக் கைவிடவில்லை. அதை மறைத்துவிட்டு விளையாட விரும்பியவர்களுக்கோ, இன்ன குகைக்குப் போ என்ற குறிப்பு கிடைத்ததே தவிர, அக்குகை எந்தத் திக்கில் இருக்கிறதென்று பெரும்பாலும் எவரும் சொல்லவில்லை. போகும் பாதையைத் தரையில் புகைபோல் வரைந்து காட்ட ஒரு மந்திரத்தையே வைத்திருந்தார்கள்!

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் ஹிடெட்டாகா மியாசாகி என்ற விளையாட்டு வடிவமைப்பாளர். சிறுவயதில் தமக்குப் பாதியே விளங்கிய புத்தகங்களை வாசித்து, விளங்காத பகுதியைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் வெளியான அவருடைய 'எல்டன் ரிங்' அந்தப் பழக்கத்தின் நேர்ப்புத்திரன். சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டவுடன் பொற்கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் பாதையில் உலாவுகிறான். ஆரம்ப நிலையில் அவனோடு மோதுவது மடமை, மரங்களின் மறைவில் ஒதுங்கிப் போவது யுக்தி என்பதை அடிபட்டுத்தான் அறிய வேண்டும். இளைப்பாறும் இடங்களிலிருந்து எழும் பொன்னிறக் கதிர் ஏதோ ஒரு திசையைக் காட்டுவதோடு சரி, நாட்குறிப்பென்பதே கிடையாது. வழியில் சந்தித்த மனிதர்கள் சொல்லாமல் கொள்ளாமல் இடம் பெயர்ந்துவிடவே, அவர்களைத் தேடி அலைந்தவர்கள் பெரிதும் முறையிட்டார்கள் போலும். வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள், சந்தித்தவர்களின் பெயரும் இடமும் வரைபடத்தில் பதியும்படி நிறுவனத்தார் ஒரு திருத்தம் செய்தார்கள். அம்மனிதர்கள் கேட்ட உதவி இன்னதென்பது மட்டும் அதில் பதியவில்லை. அதை விளையாடுகிறவனே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.