வடிகாலா, கடனா? ஊன்ட்றொப் தேர்த்திருவிழாவின் கண்ணீர் குறித்து

ஜெர்மனியின் ஹம் நகரத்து ஊன்ட்றொப்பில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் தேரேறும் நாளில் கற்பூரச்சட்டி ஏந்திவரும் பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். விழுந்து வணங்கி அடியழிக்கும் பெண்கள் விம்முகிறார்கள். முதுகில் முள்ளேறிய காவடிக்காரர் முகத்தில் சலனமே இருப்பதில்லை. இவை அனைத்தையும் ஒரே சொல்லால் விளக்கிவிடும் வழக்கம் ஆய்வாளரிடையே வேரூன்றியிருக்கிறது: வடிகால். இலங்கைப் போரும் புலப்பெயர்வும் உள்ளே தேக்கிவைத்த துயரம், ஜெர்மனிய அன்றாடத்தில் வாய்திறக்க வழியின்றி ஆண்டு முழுதும் அடங்கிக் கிடந்து, அன்று கரையுடைக்கிறது என்பது அவர்கள் வாசிப்பு. இதில் காலவரிசை தலைகீழாகக் கிடக்கிறது என்பதே என் வாதம்.

காவடியோ கற்பூரச்சட்டியோ அன்று பொங்கிய உணர்ச்சியால் எடுக்கப்படுவதில்லை. அது நேர்த்திக்கடன். நேர்ந்தது பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவாக இருக்கலாம்; தம்பி தடுப்பு முகாமிலிருந்து வெளிவர வேண்டுமென்று ஏங்கிய நாளாக இருக்கலாம்; அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்த மாதமாக இருக்கலாம். என்ன செய்வது, எந்த ஆண்டு செய்வது, எத்தனை நாள் விரதம் என்பதெல்லாம் அப்போதே வாக்காகிவிடுகிறது. திருவிழா அன்று உடல் செய்வது, முன்பே பேசி முடித்த ஒன்றைச் செலுத்துவது. தேக்கம் உடையும் நாளை யாரும் ஆறு மாதம் முன்பே குறித்துவைப்பதில்லை.

வடிகால் கொள்கை உளவியலுக்குள்ளும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், தமக்குச் சினமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கூடுதலான சினத்தோடு எழுந்தார்கள். சினம் துயரமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே இந்தச் சான்றின்மீது அதிக பாரம் ஏற்ற மாட்டேன்.

பாரம் ஏற்றத்தக்கது மொரீசியசுத் தமிழரிடையே மானிடவியலாளர் டிமிட்ரிஸ் ஜிகலாடாஸ் குழுவினர் நடத்திய தைப்பூச ஆய்வுகள். 2013இல் வெளியான முதல் ஆய்வில், சடங்கு முடிந்து வந்தவர்களிடம் பணம் கொடுத்து, விரும்பியதை யாரும் அறியாமல் கோவிலுக்குப் போடலாம் என்றார்கள். காவடி எடுத்தவர்களும் அவர்களோடு நடந்தவர்களும், கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் இருந்தவர்களைவிட அதிகம் போட்டார்கள். வலியைக் கூடுதலாக மதித்தவர் கை கூடுதலாகவே திறந்தது. 2019இல் வெளியான ஆய்வு, காவடி எடுத்தோரின் உடலையும் மனநிலையையும் சடங்குக்கு முன்னும் பின்னும் பின்தொடர்ந்தது. காவடி தீங்கு விளைவிக்கவில்லை. மிகுதியாகத் துளைத்துக்கொண்டவர்கள், தம் உளநலம் மிகுதியாக மேம்பட்டதாக உணர்ந்தார்கள்.

இந்தக் கடைசி முடிவைத்தான் வடிகால் வாசிப்பினர் தமக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும்: வலி மிகுந்தது, சுமை இறங்கியது. முதல் பார்வைக்கு அது எனக்கும் இடையூறாகவே பட்டது. ஆனால் அங்கே எது அளக்கப்பட்டது என்று கவனிக்க வேண்டும். அழுகையின் அளவல்ல, அலறலின் அளவல்ல. உடலில் ஏறிய முட்களின் எண்ணிக்கை. நேர்த்தியின் வழக்கப்படி பார்த்தால் அது பொங்கிவரும் உணர்ச்சியின் வேகமானியன்று, ஒப்புக்கொண்ட கடனின் தொகை. பெருங்கடனைத் தீர்த்தவர் பெரிதாக மூச்சுவிடுவது இயல்பு. இரு வாசிப்புக்கும் அந்தத் தரவு இடம் தருகிறது என்பதுவரை நிதானமாகச் சொல்லலாம். ஆனால் 2013ஆம் ஆண்டின் முடிவு, உடன் நடந்தவரும் கூடுதலாகக் கொடுத்தது, வடிகாலுக்குள் அடங்காது. துளைபடாத அவரிடமிருந்து எது வடிந்தது?

இந்தக் கண்ணீருக்குரிய சொல் நம்மிடமே உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் காட்டுகிறது. இழவும் வறுமையும் இளிவும் விளங்குவன. எஞ்சிய அசைவு என்பதற்கு, முன்னிருந்த நிலை குலைந்து வேறொன்றாகி வருந்துதல் என்று உரையாசிரியர் பேராசிரியர் பொருள் கொள்கிறார். மானிப்பாயில் ஆசிரியராக இருந்து ஹம் நகரில் பாத்திரம் கழுவ நேர்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. ‘மனவடு’ என்று மொத்தமாகச் சொன்னால் இந்த நுட்பம் போய்விடும். அதோடு, அழுகை தன்னிடத்துத் தோன்றியதாலும் வரும், பிறரிடத்துத் தோன்றியதாலும் வரும் என்று உரை விரிகிறது. காவடிக்குப் பக்கத்தில் வேப்பிலையோடு நடக்கும் தமக்கையின் கண்ணீருக்கு அங்கே இலக்கணம் இருக்கிறது. உணர்ச்சி உள்ளே நிறைந்து வெளியே வழியும் நீர் என்ற உருவகமும் அங்கில்லை. உள்ளத்தில் நிகழ்வது காண்பவருக்குப் புலனாகும்படி மெய்யில் படுவதே மெய்ப்பாடு. காண்பவர் இன்றி அது நிறைவதில்லை. ஊன்ட்றொப்பில் அந்தக் காண்பவர்களுள் முதல்வி தேரில் இருக்கிறாள்.

தொல்காப்பியம் செய்யுளுக்கு இலக்கணம், உளவியல் நூலன்று என்பார்கள். மேற்கத்திய உணர்ச்சிக் கொள்கைகளும் நாடக மேடையிலிருந்து நிறையவே கடன் வாங்கியிருக்கின்றன. அந்தத் தடையை நான் பெரிதாக எடுக்கவில்லை. மொரீசியசுத் தமிழர் அகதிகளல்லர் என்பதும் உண்மை. நான் ஒப்பிடுவது வரலாறுகளையல்ல, நேர்த்தியின் அமைப்பை.

கனமான தடை வேறிடத்தில் இருக்கிறது. கடனைத் தீர்ப்பவர் அழ வேண்டியதில்லை, நிம்மதியாகப் போய்விடலாமே? காவடிக்காரரின் சலனமற்ற முகம் அப்படித்தான் இருக்கிறது. பெண்கள் ஏன் அழுகிறார்கள்? கேட்ட வரம் கிடைத்தும் கிடைக்காமலும் நேர்த்தி செலுத்தப்படுவதுண்டு. தம்பி வந்து சேர்ந்தவரின் கண்ணீரும், தம்பி வராமலே வாக்கைக் காப்பாற்றுபவரின் கண்ணீரும் ஒரே கற்பூரச்சட்டியின் முன்னால் ஒன்றுபோலத் தெரிகின்றன. அப்போது எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும் வினாப்படிவம் இந்த வேறுபாட்டைப் பிடிக்காது. எப்போது நேர்ந்தீர்கள், யாருக்காக, கேட்டது கிடைத்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

நான்காவதாக ஒரு கேள்வியும் வேண்டும்: நேர்ந்தவர் நீங்கள்தானா? பிள்ளைக்காகத் தாய் நேர்ந்துகொண்டதைப் பிள்ளை வளர்ந்தபின் செலுத்துவது நம் வழக்கம். ஜெர்மனியில் பிறந்து, போரைக் கண்ணால் காணாத ஓர் இளைஞர், தாம் கைக்குழந்தையாய் இருந்தபோது ஒருத்தி சொன்ன வாக்குக்காகத் தோளில் காவடி ஏற்றுகிறார். தாய் அருகில் அழுதபடி நடக்கிறாள், அவர் அழுவதில்லை.