இருமுனையக் கோளாறு: சிகிச்சையும் துணையும்

இருமுனையக் கோளாறு என்பது மனநிலை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு எல்லைகளுக்கு மாறிமாறிப் போகும் நோய். பலரும் 'பைபோலார்' என்றே சொல்கிறார்கள். ஒரு முனை மனஎழுச்சி. இரண்டு மணி நேரம் தூங்கினாலும் அசதி தெரியாது, பேச்சு ஓயாது, கடன் வாங்கிச் செலவு நடக்கும், தடுத்தால் கோபம் வரும். மறுமுனை மனச்சோர்வு. குளிப்பதே மலையாகிவிடும். இடையில் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நோயின் சுவடே தெரியாமல் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் சுமார் 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. சர்க்கரை நோயைப் போலக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு படிக்கலாம், வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம். அதற்கான சிகிச்சையில் பெரும்பகுதி நோயின் சுவடு தெரியாத அந்த நல்ல காலத்தில்தான் நடக்கிறது. நம் வீடுகளில் தவறு நேர்வதும் அப்போதுதான். 'இப்போதுதான் சரியாகிவிட்டதே' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம்.

லித்தியம்

இந்த நோய்க்கு மிகப் பழையதும் இன்றும் முதல் வரிசையில் நிற்பதுமான மருந்து லித்தியம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனஎழுச்சியில் இருந்த பத்து நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1949-இல் கட்டுரை வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி ஐந்து ஆண்டுகள் அடங்காத எழுச்சியில் இருந்தவர். சில மாதங்களில் வீடு திரும்பி வேலைக்கும் போனார். பிறகு மருந்தை விட்டார், நோய் திரும்பியது. மீண்டும் மருந்து தொடங்கியபோது அது உடலில் நஞ்சாகி, 1950-இல் இறந்தார். நிறுத்தக் கூடாது, அளவும் மீறக் கூடாது என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே இருக்கின்றன. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூவும் அவர் சகாக்களும் அடுத்த இருபது ஆண்டுகள் ஆராய்ந்து, லித்தியம் நோய் திரும்பாமலும் தடுக்கிறது என்று நிறுவினார்கள். தற்கொலை அபாயத்தை அது குறைப்பதற்கும் சான்றுகள் உள்ளன.

இதன் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டவர் காலை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். காலை வேளைக்கும் மாத்திரை உண்டென்றால், ரத்தம் கொடுக்கும்வரை அது பையிலேயே இருக்கட்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும்.

உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். அக்னி நட்சத்திர வெயில், வாந்திபேதி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், 'பிரஷருக்கு நல்லது' என்று திடீரென உப்பை நிறுத்துவது எல்லாமே இதில் சேரும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளும் அளவை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்கினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிற மருந்துகளும் மின்சிகிச்சையும்

வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியாப்பின், ஒலான்சபின் ஆகியவையும் பயன்படுகின்றன. வால்ப்ரோயேட் கருவில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. லாமோட்ரிஜினை மிக மெதுவாகத்தான் கூட்டுவார்கள். தோலில் தடிப்பு கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒலான்சபினால் எடையும் சர்க்கரையும் ஏறலாம். மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிலர் எழுச்சி நிலைக்குத் தாவிவிடுவார்கள். அதனால் சோர்வுக்காக மருத்துவரிடம் போகிறவர், முன்பு எப்போதாவது தூக்கமில்லாத உற்சாகத்தில் இருந்ததுண்டா என்பதையும் சொல்ல வேண்டும்.

'கரண்ட் வைப்பது' என்று ஊரில் அஞ்சப்படும் மின்சிகிச்சை, கடும் மனச்சோர்விலும் தற்கொலை எண்ணத்திலும் விரைந்து பலன் தருவது. தற்காலிக மறதி உண்டாகலாம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்ய 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

தூக்கமும் குடும்பமும்

மருந்தோடு நோயைப் பற்றிய கல்வியும் பேச்சுச் சிகிச்சையும் சேரும்போது நோய் திரும்புவது குறைகிறது. அன்றாட நேர ஒழுங்கையே மையமாகக் கொண்ட சிகிச்சை முறையும் உண்டு. இரவுப் பணி, விடிய விடியத் திருவிழா, முகூர்த்தத்துக்கு முந்தைய இரவுப் பேருந்துப் பயணம் என ஓரிரவு தூக்கம் கெட்டாலே சிலருக்கு எழுச்சி தொடங்கிவிடும். கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்பதில்லை. முந்தின நாளே போய்ப் படுத்துத் தூங்கலாம்.

எழுச்சி திரும்புவதன் முதல் அறிகுறி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. ஒருவர் நள்ளிரவில் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடத் தொடங்குவார். இன்னொருவர் அதிகாலை மூன்று மணிக்குப் பரணை ஒழிப்பார். உடன் இருப்பவருக்கே இது முதலில் தெரியும். குடும்பத்தின் இந்த இடத்தை இந்திய மனநல மருத்துவம் முன்பே உணர்ந்திருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் நோயாளியோடு தங்கும் வழக்கம் உண்டு. பராமரிப்பவரும் களைத்துப்போவார், அவருக்கும் ஓய்வும் பேச ஆளும் வேண்டும்.

உரிமைகள்

மேற்சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இந்த நோயாளிகளுக்கு மிகவும் பொருந்துவது 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' என்ற ஏற்பாடு. தெளிவாக இருக்கும்போது, பின்னால் முடிவெடுக்க இயலாமல் போனால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்று எழுதிவைக்கலாம். அவசரச் சிகிச்சையை இது கட்டுப்படுத்தாது. ஏ.டி.எம். அட்டையையும் வண்டிச் சாவியையும் யாரிடம் கொடுப்பது என்பதையும் வீட்டுக்குள் அப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று சொல்வதும் இதே சட்டம்தான். நாள்பட்ட பாதிப்பு உள்ளவர்கள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

1794-இல் தொடங்கிய சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் சிகிச்சை பெறலாம். யாரேனும் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் அதை ஒருபோதும் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அந்த நேரமே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.