பண்டிகை ஷாப்பிங்கில் கார்டு மோசடி: போன பணம் திரும்ப வருமா? 3 நாள் விதி என்ன சொல்கிறது?

தீபாவளி நெருங்கிவிட்டால் புதுச்சேரி நேரு வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. சண்டே மார்க்கெட்டிலும் அதே கதைதான். பில் போடும் இடத்தில் கார்டைக் கொடுத்துவிட்டு, நாம் துணிப்பைகளை எண்ணிக்கொண்டிருப்போம். மோசடிக் கும்பல்களுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

புதுச்சேரிக்கு இது புதுசு இல்லை. ஏடிஎம் கார்டு தகவல்களைத் திருடி, போலி கார்டு தயாரித்து, ஸ்வைப் மெஷின்கள் மூலம் பணத்தைச் சுருட்டியதாக 2018-ம் ஆண்டு இங்கே ஒரு கும்பல் சிக்கியது. சிபிசிஐடி போலீசார் விசாரித்த அந்த வழக்கு ஊரையே உலுக்கியது.

அதன்பின் சிப் கார்டுகள் வந்ததால் கார்டை நகல் எடுப்பது கடினமாகிவிட்டது. இப்போது திருடர்கள் குறிவைப்பது ஓடிபி-யை.

பணம் போனால் யார் பொறுப்பு?

இதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. உங்கள் மீதோ வங்கி மீதோ தவறு இல்லாமல், கார்டு விவரம் வேறெங்கோ திருடப்பட்டிருந்தால்:

* வங்கியிடம் இருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால், உங்களுக்கு ஒரு ரூபாய் கூட நஷ்டம் இல்லை.
* 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் நஷ்டம் அதிகபட்சம் ரூ.10,000.
* 7 நாளைத் தாண்டினால், அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும்.

புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

ஆனால் ஓடிபி, பின் நம்பரை நீங்களே சொல்லிவிட்டால் கதை வேறு. புகார் கொடுக்கும் வரை போன பணம் முழுக்க உங்கள் நஷ்டம். புகார் கொடுத்த பிறகும் பணம் போனால், அது வங்கியின் பொறுப்பு. அதனால் 'லீவு முடியட்டும், பேங்க்குக்கு நேரில் போய்ப் பேசிக்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது. கார்டை பிளாக் செய்ய 24 மணி நேரமும் வசதி உண்டு.

கடைக்குப் போகும் முன்

* வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை 'ஆஃப்' செய்யுங்கள். செலவு வரம்பையும் குறைத்து வையுங்கள்.
* பின் நம்பர் இல்லாமல் 'டேப்' செய்து ரூ.5,000 வரை எடுக்க முடியும். தேவையில்லை என்றால் அதையும் நிறுத்திவிடலாம்.
* ஸ்வைப் மெஷினை உங்கள் கண் முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.
* யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. 'ரீஃபண்ட் வரும், பின் போடுங்க' என்றால் அது மோசடி.

ஆதார் நகல் கொடுக்கிறீர்களா?

செல்போன், டிவி-யை இஎம்ஐ-யில் வாங்கும்போது ஆதார், பான் நகல் கேட்பார்கள். கார்டில் பணம் போனால் உடனே எஸ்எம்எஸ் வரும். உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கினால், வசூல் ஏஜென்ட் போன் செய்யும் வரை தெரியாமலே போகலாம்.

அதனால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று முதலில் கேளுங்கள். நகல் கொடுத்தால், எதற்காக என்பதையும் தேதியையும் அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பயோமெட்ரிக்கை எம்-ஆதார் ஆப்பில் லாக் செய்யலாம்.

பண்டிகை முடிந்ததும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு.

பணம் போய்விட்டால்

1. உடனே வங்கிக்குப் போன் செய்து கார்டை பிளாக் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.
2. 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் திருடன் கையை விட்டுப் போவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.
3. எஸ்எம்எஸ், ஸ்கிரீன்ஷாட், கடை பில் எதையும் அழிக்காதீர்கள்.
4. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். தகவலுக்கு 14448.

வங்கியில் கொடுத்த மொபைல் எண் இப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று கடைக்குக் கிளம்பும் முன் பாருங்கள். எஸ்எம்எஸ் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தால், 3 நாள் முடிந்ததே உங்களுக்குத் தெரியாது.