கன்டெய்னர் பாதுகாப்பு

செயலி ஒன்றை, அது இயங்கத் தேவையான நூலகங்களோடும் அமைப்புக் கோப்புகளோடும் ஒரே பொதியாகக் கட்டி, பிற செயலிகளிடமிருந்து பிரித்து இயக்கும் முறை கன்டெய்னர் எனப்படும். கட்டிவைத்த பொதிக்குப் படிமம் என்று பெயர். ஒரு நிரலின் கண்ணுக்குத் தெரியும் கோப்பு மரத்தைச் சுருக்கிக் காட்டும் வசதி 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது எனினும், 2013இல் டாக்கர் எனும் கன்டெய்னர் மென்பொருள் வெளியான பின்னரே இம்முறை நிரலாளரின் அன்றாடக் கருவியாயிற்று.

லினக்ஸில் இப்பிரிப்பைச் செய்பவை, செயலிக்குத் தென்படும் கோப்புகள், வலையமைப்பு ஆகியவற்றை வரையறுக்கும் பெயர்வெளிகளும், அது செலவிடும் நினைவகத்துக்கு வரம்பிடும் கட்டுப்பாட்டுக் குழுக்களும் ஆகும். மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் தனக்கெனக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி, கொண்ட தனிவீடு என்றால், ஒரே கெர்னலைப் பகிரும் கன்டெய்னர்களை ஒண்டுக்குடித்தனம் எனலாம். பாதுகாப்புச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

வழக்கமான அமைப்பில், கன்டெய்னருக்குள் ரூட் எனும் முழு அதிகாரப் பயனராக இயங்கும் செயலி, கெர்னலின் பார்வையில் வெளியிலும் அதே ரூட்தான். அதன் அதிகாரங்கள் சில கழிக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. 2019 பிப்ரவரியில் வெளிப்பட்ட ரன்சி குறைபாடு, தீய நோக்குடைய கன்டெய்னர் ஒன்று தன்னை இயக்கும் ரன்சி நிரலையே மாற்றியெழுதி முழுக் கணினியையும் கைப்பற்ற இடமளித்தது. உள்ளிருக்கும் ரூட்டை வெளியே அதிகாரமற்ற பயனராகக் காட்டும் பயனர் பெயர்வெளியை முறையாக அமைத்திருந்த இடங்களில் அத்தாக்குதல் பலிக்கவில்லை. ஆகவே படிமத்தை எழுதும்போதே சாதாரணப் பயனர் ஒருவரை நியமிப்பதும், டாக்கரையே ரூட் அதிகாரமின்றி இயக்குவதும் நல்ல வழக்கங்களாகும். டாக்கரின் கட்டளை வாயிலான சாக்கெட் கோப்பைக் கன்டெய்னருக்குள் இணைப்பதோ, வீட்டுச் சாவியையே குடித்தனக்காரரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

படிமம் அடுக்கடுக்காக அமைவதால் நேரும் பிழை நுட்பமானது. ஓர் அடுக்கில் சேர்த்த கடவுச்சொல்லை அடுத்த அடுக்கில் அழித்தாலும், அது மறைக்கப்படுகிறதேயன்றி நீங்குவதில்லை. படிமத்தைப் பெற்றவர் எவரும் முந்தைய அடுக்கைப் பிரித்துப் பார்க்கலாம். எனவே இரகசியங்கள் படிமத்தில் இடம்பெறாமல், இயங்கும் நேரத்தில் வெளியிலிருந்து வழங்கப்பட வேண்டும். கட்டுவதற்கான கருவிகளை ஒரு கட்டத்தோடு நிறுத்தி, விளைந்த செயலியை மட்டும் இறுதிப் படிமத்துக்குக் கொண்டுசெல்லும் பல்கட்ட ஆக்கமுறை 2017இல் டாக்கரில் சேர்ந்தது. தாக்குபவர் கையில் சிக்கக்கூடிய கருவிகள் இதனால் குறைகின்றன.

முன்பின் அறியாதவரின் நிரலை இயக்கும் தளங்களுக்கு இவையும் போதா. அவற்றுக்கென 2018இல் கூகுள் வெளியிட்ட ஜிவைசர், கெர்னலுக்குச் செல்லும் அழைப்புகளை இடைமறித்துத் தானே கையாள்கிறது. அதற்கு ஈடாக வேகம் ஓரளவு குறைகிறது.