மதுரை வீதிகளும் மலைப் பள்ளிகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கூமாப்பட்டி, வத்திராயிருப்பு முதலிய ஊர்களின் மக்களுக்குத் திருவிழா என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். பெருவணிகம் என்றால் மதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேர் ரத வீதிகள் நான்கையும் சுற்றி நிலைக்கு வருகிறது. அந்தத் தேரே அவ்வீதிகளுக்கு எழுதாச் சட்டமாக இருந்து வந்துள்ளது. ஒரு வீட்டின் திண்ணை அளவு மீறி முன்னே நீண்டால் தேர் நின்றுவிடும். தெருமுனை குறுகினால் வடம் திரும்பாது. நகராட்சிகளும் கட்டட விதிகளும் தோன்றுவதற்கு முன்பே, வீதியின் அகலத்தை ஆண்டுதோறும் அளந்து காட்டும் அளவுகோலாகத் தேர் விளங்கியது. இதே முறையின் விரிந்த வடிவத்தை மதுரையில் காணலாம். ஒரு பழநகரின் நடுவிடம் எவ்வாறு உருவாகிறது, யார் அதனைச் செப்பனிடுகிறார்கள், செப்பனிடும்போது எது நிலைக்கிறது, எது மறைகிறது என்பதற்கு மதுரையின் வரலாறு நல்ல பாடமாகும். அந்த வரலாற்றில் சமணருக்கும் தொன்மையான பங்கு உண்டு.

தெருவில் ஈட்டியது, மலையில் ஈந்தது

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அறவோர் தங்கிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. ஆனைமலை, சமணர் மலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு என அவற்றின் வரிசை நீளும். மாங்குளம் கல்வெட்டு, கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியன் காலத்தில் அமைத்துக் கொடுத்த உறையுளைக் கூறுகிறது. அங்கேயே வெள்ளறை நிகமம் என்னும் வணிகக் குழுவின் கொடையும் பதிவாகியுள்ளது. அழகர்மலையில் உள்ள தமிழி எழுத்துக்கள் இன்னும் நெருக்கமான செய்தியைத் தருகின்றன. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், பாணிதம் எனப்பட்ட சருக்கரைப் பாகு விற்றவர், அறுவை எனப்பட்ட துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர் ஆகியோர் அங்கே கொடையாளராகப் பெயர் பெறுகின்றனர்.

இப்பெயர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பழமதுரையின் கடைத்தெருவே கண்முன் தோன்றும். அந்தத் தெருவில் ஈட்டிய பொருளின் ஒரு கூறு மலைக்குச் சென்று, மழைநீர் வடிய மேலே காடி வெட்டிய குகையாகவும், துறவியர் தலைசாய்க்கும் படுக்கையாகவும் மாறியது. நகரின் நடுவிடமும் அதன் புறத்துக் குன்றும் ஒரே சமுதாயத்தின் இரு கைகளாக இருந்தன.

இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கிறது. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, நகரின் தெருக்கள் ஆறு கிடந்தாற்போல் அகன்றிருந்தன என்கிறது. பகற்பொழுதின் நாளங்காடியையும் மாலைக்குப் பின் நடந்த அல்லங்காடியையும் விரித்துரைக்கும் அதே நூல், சாவகர் பூவும் புகையும் ஏந்தி வழிபட்ட சமணப் பள்ளியையும், அதன் செம்பு போன்ற சுவர்களையும், சூழ்ந்திருந்த குளிர்ந்த சோலையையும் காட்டுகிறது.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மதுரையின் மதிலுக்குப் புறத்தே, அறம்புரிவோர் வாழும் பகுதியில் தங்குகிறார். கோவலன் மட்டும் நகருக்குள் சென்று பல்வகை வீதிகளையும் பார்த்து வருகிறான். மணிகளின் தரம் ஆய்ந்து விற்கும் வீதி, பொன்னின் நால்வகையைக் கொடி கட்டிக் காட்டும் வீதி, பருத்தியும் பட்டும் மயிரும் கொண்டு நெய்த ஆடைகளை அடுக்கிய வீதி, கூல வீதி என அவன் கண்டவை ஊர்காண் காதையில் இடம்பெறுகின்றன. அழகர்மலைக் கொடையாளரின் தொழில்களுக்கும் இவ்வீதிகளுக்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது.

விழாவால் பெயர் பெற்ற வீதிகள்

இன்றைய மதுரையின் அமைப்பு பெரிதும் நாயக்கர் காலத்தது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் நகரைச் சூழ 72 கொத்தளங்கள் கொண்ட கோட்டை எழுந்தது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாக வைத்து, சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் அமைந்தன. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. மாதங்களின் பெயரையே வீதிகள் தாங்கியது, அந்தந்த மாதத்து விழா அந்தந்த வீதியில் நடந்ததால் என்பர்.

17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மாசியில் நடந்த பெருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. அதனால்தான் இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுகிறது. ஓர் அரசர் விழாவின் காலத்தை மாற்ற முடிந்தது. ஆனால் அது செல்லும் வீதியை மாற்றவில்லை. தேர் செல்லும் அகலம் மாசி வீதிகளில்தான் இருந்தது.

மதில் தெருவான கதை

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டை மதிலுக்குள் மதுரை மூச்சுத் திணறியது. மக்கள்தொகை பெருகியது, அகழியில் நீர் தேங்கி நோய்க்கு இடமாயிற்று. 1834 முதல் 1847 வரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அதற்கு அவர் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. மதிலின் ஒரு பகுதியை இடித்து நிலத்தைச் சமன் செய்வோர்க்கு அந்த நிலமே மனையாகக் கிடைக்கும் என்னும் ஏற்பாட்டினால், நகர மக்களே பணியில் இறங்கினர். இடித்த கல்லும் மண்ணும் அகழியை நிரப்பின. மதில் நின்ற இடத்திலும் அதற்கு அப்பாலும் புதிய தெருக்கள் பிறந்தன. வெளி வீதிகள் அவ்வாறு வந்தவை. அளவைப் பணி செய்த மாரட் என்பவரின் பெயரும், மேற்பார்வையாளராக இருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றளவும் தெருப்பெயர்களாக நிற்கின்றன. ஆட்சியரின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண், அப்பகுதிக்கே பெயராகிவிட்டது.

இந்தப் பணியினால் நகருக்குக் காற்றும் வழியும் கிடைத்தன. ஆயிரக்கணக்கானோர்க்கு மனை கிடைத்தது. அதே வேளையில் ஒரு பெருங்கோட்டை ஏறத்தாழ முழுவதும் மறைந்தது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள மேற்குக் கொத்தளத்தின் எச்சமும், இடிக்காமல் விட்டதனால் விட்டவாசல் எனப் பெயர் பெற்ற பழைய வாயிலும் மட்டுமே நினைவுக்கு எஞ்சின. செப்பனிடுதலில் பெறுவதும் இழப்பதும் எப்போதும் உடன் வருகின்றன என்பதற்கு இது சான்று.

கெடிசின் அறிவுரை

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய கருத்து தமிழகம் வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பழநகரின் இடிந்த முடுக்குகளைச் செப்பனிட்டுப் பெயர்பெற்ற பேட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-இல் இந்தியா வந்தார். நகரமைப்புக் கண்காட்சிக்காக அவர் அனுப்பிய படங்களும் வரைபடங்களும், அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பலால் கடலில் மூழ்கின. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு அவர் கண்காட்சியை நடத்தினார். பின்னர் சென்னை மாகாண நகரங்கள் பலவற்றை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் தஞ்சாவூரும் அவற்றுள் அடங்கும்.

நெருக்கமான பகுதிகளின் ஊடே நேர்கோட்டில் அகன்ற சாலை வெட்டுவதே அக்கால அதிகாரிகளின் மருந்து. அதனால் பல வீடுகள் இடியும், ஏழைகள் வேறிடம் சென்று மேலும் நெருங்கி வாழ்வர், செலவும் மிகும். கெடிஸ் இதனை ஏற்கவில்லை. மிகப் பழுதுபட்ட சில வீடுகளை மட்டும் நீக்குக. கிடைக்கும் இடத்தைச் சிறு முற்றமாக்கி மரம் நடுக. நல்ல வீடுகளையும், கோயில்களையும், குளங்களையும் தொடாதிருக்க என்பது அவர் கூறிய நெறி. அறுவை மருத்துவர் நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காப்பது போன்றது அது. கோயிலை நடுவாகக் கொண்ட தமிழ் நகரங்களின் அமைப்பை உலகுக்கு எடுத்துக் கூறியவர்களுள் அவரும் ஒருவர். குளங்களைக் கொசுவுக்கு அஞ்சித் தூர்ப்பதற்கு மாறாக, தூர்வாரிப் பேணுவதே நலம் என்றும் அவர் வற்புறுத்தி வந்தார்.

அந்த அறிவுரை எல்லா இடத்திலும் பின்பற்றப்படவில்லை. புதுமண்டபத்துக்குக் கிழக்கே இருந்த ஏழுகடல் என்னும் குளம் தூர்ந்து, அங்கே வணிக வளாகம் எழுந்தது. தெருவின் பெயரில் மட்டும் ஏழுகடல் இருக்கிறது. டவுன்ஹால் சாலையின் தெப்பக்குளமோ பல ஆண்டுகள் கடைகளின் பின்னே மறைந்து கிடந்தது.

நம் காலத்துப் பணிகள்

2016-இல் மதுரை சீர்மிகு நகரங்கள் திட்டத்துக்குத் தேர்வாயிற்று. அதே ஆண்டில் தூய்மைக்கென நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த பத்துப் புகழ்மிக்க இடங்களுள் மீனாட்சியம்மன் கோயிலும் இடம்பெற்றது. வண்டிகள் நுழையாத சித்திரை வீதிகளில் கல் பாவப்பட்டது. மாசி வீதிகளில் நிலத்தடிக் குழாய்களும் வடிகால்களும் புதுப்பிக்கப்பட்டன. வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய மைய அங்காடி இருந்த இடத்தில் பலமாடி வாகன நிறுத்தகம் எழுந்தது. புதுப்பித்த பெரியார் பேருந்து நிலையம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இப்பணிகளால் சித்திரை வீதிகளில் முதியோரும் சிறுவரும் வண்டிக்கு அஞ்சாமல் நடக்கின்றனர். இது சிறிய பயன் அன்று. எனினும் விலையும் கொடுக்க நேர்ந்தது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் சிற்பத் தூண்களின் இடையே தையல் இயந்திரம் வைத்து வாழ்ந்த தையற்கலைஞர்களும், பாத்திரம், வளையல், புத்தகம் விற்ற கடைக்காரர்களும் புதிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினர். மண்டபம் தன் அழகை மீளப் பெறுவது நன்று. கோயிலினுள் இருந்த கடைகளால் 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீவிபத்தை யாரும் மறக்கவியலாது. ஆயினும் தலைமுறைகளாகத் தேடி வந்த வாடிக்கையாளரை விட்டு அகன்றவரின் பிழைப்பும் செப்பனிடுதலின் கணக்கில் சேர வேண்டும். அறுவை வணிகரும் கொழு வணிகரும் இல்லாத பழமதுரை எவ்வாறு இருந்திருக்காதோ, அவ்வாறே கைத்தொழிலாளர் இல்லாத நடுநகர் வெறும் காட்சிப் பொருளாகிவிடும்.

நகரின் கணக்கில் குன்றுகளும் சேர வேண்டும். ஆனைமலையில் சிற்பநகர் அமைக்கும் முயற்சி 2010-ஆம் ஆண்டையொட்டி எழுந்தபோது, சுற்றியுள்ள ஊரார் எதிர்த்து மலையைக் காத்தனர். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் மக்கள் போராட்டத்தின் பின் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. இவ்வூர்களில் குன்றைக் காத்தவர்களுள் பெரும்பாலோர் சமணர் அல்லர். தங்கள் ஊரின் மலை, தங்கள் கண்மாய்க்கு நீர் தரும் மலை என்றே காத்தனர். அவர்களுக்குச் சமணச் சமுதாயம் நன்றிக்கடன் பட்டுள்ளது.

நடையே அளவுகோல்

துறவியர்க்கு உரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, எவ்வுயிர்க்கும் ஊறு நேராதபடி பார்த்து நடத்தல் அதன் பொருள். மதுரைக்குப் புறப்படும் முன் கவுந்தியடிகள், வயல் வழியே நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என எச்சரித்தது இந்நெறியினால்தான்.

இந்நெறி துறவியர்க்கு ஓதியதாயினும், தெருவைச் செப்பனிடுவோர்க்கும் நல்ல அளவுகோலாகும். நிலம் நோக்கி மெல்ல நடக்கும் ஒருவர் இடர்ப்படாமல் கடக்கத்தக்க தெருவில் குழந்தையும் முதியவரும் பார்வையற்றவரும் கடக்க இயலும். திறந்த சாக்கடையும், நடைபாதையை அடைத்த வண்டிகளும், மழையில் குளமாகும் பள்ளங்களும் அத்தெருவில் இருத்தல் ஆகாது. தேர் வீதியின் அகலத்தை அளக்கிறது. நடப்பவரின் காலடி வீதியின் தரத்தை அளக்கிறது.

மதுரைக்கு வரும் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் கடைவீதியோடு திரும்பிவிடுகின்றன. அரை நாள் ஒதுக்கினால் கீழக்குயில்குடியில் சமணர் மலையேறி, செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கலாம். அச்சணந்தி முதலிய அறவோரின் பெயர்கள் இம்மலைகளில் 9, 10-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்தில் உள்ளன. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்திலும் பழைய சமணத் திருவுருவங்களைக் காணலாம். இவ்விடங்களுக்குச் செல்லும் பாதையில் குப்பையில்லாமல் காத்தலும், பாறையில் பெயர் கிறுக்குவோரைப் பிள்ளைகள் பார்த்துப் பழகாமல் தடுத்தலும், உள்ளூராரோடு உறவு பேணுதலும் சாவகர் கடமைகளே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் உப்பு வணிகர் தம் கடையின் வருவாயில் கற்படுக்கை வெட்டுவித்தார். அப்படுக்கை இன்றும் மழை புகாமல் இருக்கிறது.