தகப்பன் தொழிலும் இரட்டையர் கணக்கும்

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கே போய்க்கொண்டிருந்தது. சிறுவயதிலேயே அரம் பிடித்து லீவர் ராவிப் பழகும் பையனைப் பார்த்தால், இது ரத்தத்தில் ஊறியது என்று சொல்லத் தோன்றும். அந்த எண்ணத்தை அரசின் திட்டமாகவே ஆக்கிப் பார்த்தார் சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி. 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ஆனது. கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில், வேளை பிரித்தால் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு. அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மீதி நேரத்துக்கு ஏன் தகப்பன் தொழில்? பிறப்பே தகுதியைக் காட்டும் என்ற முடிவு அதில் ஒளிந்திருந்தது. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள்; 1954 மே மாதம் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது.

இன்றைய மரபியல் ராஜாஜி பக்கம் சாய்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். 1994 முதல் 1996 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், பதினாறு வயதுத் தேர்வின் முக்கியப் பாடங்களில் மாணவருக்கு மாணவர் தெரியும் வேறுபாட்டில் 58 சதவீதம் மரபணுவைச் சார்ந்தது என்று 2013இல் கண்டார்கள். எண்ணை நான் மறுக்கவில்லை. ஏறத்தாழ ஒரே பாடத்திட்டத்தில் எல்லோரும் படித்த ஒரு நாட்டுக்குள் அளந்தது அது. ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த எண் நிலையானதும் அல்ல. 1985இல் வெளியான நார்வே இரட்டையர் ஆய்வில், 1940க்குப் பின் பிறந்த ஆண்கள் எட்டிய கல்வி நிலையின் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு முந்தைய தலைமுறையைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. பெண்களிடம் அப்படி உயரவில்லை. ஒரு தலைமுறைக்குள் நார்வேக்காரர்களின் மரபணு மாறிவிடவில்லை. பள்ளிக் கதவு திறந்தது, வீட்டு வசதியின் பிடி தளர்ந்தது. மரபணுவின் பங்கு உயர்வதே வாய்ப்பு பரவியதன் அடையாளமாக இருக்கலாம் என்பது பலர் கவனிக்காத வேடிக்கை.

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1961இல் 36 சதவீதம், 2011இல் 80. ஐம்பது ஆண்டில் ரத்தம் மாறாது. 2011இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆண்களில் சுமார் 84 சதவீதமும் பெண்களில் 68 சதவீதமும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அண்ணனும் தங்கையும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள்தானே. எழுத்தறிவு வேறு, தேர்வில் சாதிப்பது வேறு என்பது சரியான ஆட்சேபம். ஆனால் வகுப்புக்கே வராதவளின் திறமையை எந்தத் தேர்வும் அளக்காது. பூட்டுக்காரர் வீட்டுக் கதையும் இதையே காட்டுகிறது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகளில் இளைஞர்களைக் காண்பதே அரிதாகியிருந்தது. அலிகார் பூட்டின் மலிவு விலை அதற்கு ஒரு காரணம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனது இன்னொன்று.